கேட்லினை எங்கே விட்டீங்க?

பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி, சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும் கழிவு அரைக்கும் மெஷினுக்குள் கையை விடுகிறாள். கரகரவென்று சத்தம். வெளியே எடுத்தால் விரல்கள் பிய்ந்து திசைக்கொன்றாகத் தொங்குகின்றன. அவள் அலறவே இல்லை, சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நாம் முகத்தைச் சுளித்து முடிப்பதற்குள் சதை கூடி, தோல் மூடி, பழைய கை திரும்பி வந்துவிடுகிறது! 2006 செப்டம்பர் 25, திங்கட்கிழமை இரவு. அமெரிக்காவின் என்பிசி சேனலில் ‘ஹீரோஸ்’ தொடரின் முதல் அத்தியாயம். டிவி முன்னால் இருந்தவர்கள் 1 கோடியே 43 லட்சம் பேர். க்ளேர் பென்னெட் என்கிற அந்த சியர்லீடர் பெண்ணாக நடித்த ஹேடன் பேனட்டியருக்கு அப்போது 17 வயது.

அந்தக் காட்சிக்கு அதிரடியாக ரியாக்‌ஷன் காட்டியது யார் தெரியுமா? மெஷின் கம்பெனி! அந்த மெஷினைத் தயாரிக்கும் எமர்சன் எலெக்ட்ரிக், அடுத்த மாதம் பிறந்ததும் பிறக்காததுமாக என்பிசி மீது வழக்குப் போட்டது. எங்கள் மெஷினின் பெயர் திரையில் தெரிகிறது, இப்படி ஒரு கோரத்தைக் காட்டினால் எங்கள் பொருளின் மதிப்பு என்ன ஆவது என்பது அவர்கள் வாதம். அதற்குப் பிறகு வந்த பிரதிகளில் மெஷினின் பெயர் மறைக்கப்பட்டது. சில மாதங்களில் வழக்கும் முடிந்துபோனது. கற்பனைப் பெண்ணின் கற்பனைக் காயத்துக்கு நிஜமான கோர்ட்! இப்படி ஒரு தொடக்கம் எந்த சீரியலுக்கு வாய்க்கும்?

சாதாரண மனிதர்கள் சிலருக்குத் திடீரென்று அபூர்வ சக்தி வருகிறது. ஒருவர் பறக்கிறார், ஒருவர் அடுத்தவர் மனசில் ஓடுவதைக் கேட்கிறார், ஒருவர் நாளை நடக்கப்போவதை இன்றைக்கே ஓவியமாக வரைகிறார். கேப் கிடையாது, முகமூடி கிடையாது. இதுதான் டிம் கிரிங் உருவாக்கிய ‘ஹீரோஸ்’. 2010 பிப்ரவரி வரை நான்கு சீசன்கள் ஓடியது. அந்த நான்கு வருஷமும் ரசிகர்கள் சோபாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தூங்கப் போன கூட்டம் இல்லை. அவர்கள் துப்புத் துலக்கினார்கள், பெயர் வைத்தார்கள், திட்டினார்கள், கெஞ்சினார்கள். அதில் பாதி எழுத்தாளர் அறைக்குள் போய், திரும்பவும் திரைக்கே வந்து சேர்ந்தது. இந்தத் தொடரில் என்னைச் சொக்க வைப்பது அதுதான்.

டிவியில் வருவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட்ட பாக்கியசாலிகளும் உண்டு. 2006 ஜூலை, சான் டியேகோ காமிக்-கான் விழா. அங்கே போட்டுக் காட்டியது ஒரு மணி நேரத்தையும் தாண்டிய நீளமான பைலட். அதில் ஒரு தீவிரவாதக் கிளைக்கதை இருந்தது. கிரெக் கிரன்பெர்க் நடித்த போலீஸ்காரர் மேட் பார்க்மன் அந்தக் கதை வழியாகத்தான் அறிமுகமாவார். ஒளிபரப்பில் அந்தக் கிளைக்கதையே காணோம், மொத்தமாக வெட்டிவிட்டார்கள். அதனால் ஊருக்கெல்லாம் பார்க்மன் அறிமுகமானது இரண்டாவது அத்தியாயத்தில். காமிக்-கானில் உட்கார்ந்திருந்தவர்களுக்கோ அவரை ஏற்கெனவே தெரியும்! ‘நாங்க பார்த்தது வேற படம்’ என்று சொல்லிக்கொள்ளும் பெருமை அவர்களுக்கு மட்டும். பிறகு டிவிடியில் அந்த முழு வடிவத்தைச் சேர்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு அதைப் பார்க்கக் கிடைத்தது.

இப்போது ஹிரோவைப் பற்றிப் பேசலாம். ஹிரோ நாகமுராவைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியாது!

டோக்கியோவில் வரிசை வரிசையாக மேஜை போட்ட ஆபீஸ். அதில் ஒரு மேஜையில் குண்டுக் கன்னம், கண்ணாடி, கட்டம் கட்டமாகத் தடுத்த வாழ்க்கை. கண்ணை இறுக மூடி, முகத்தையே ஒரு புள்ளியாகச் சுருக்கி, மூச்சை அடக்கி முக்குகிறான். சுவர்க் கடிகாரத்தின் முள் ஒரு நொடி பின்னால் போகிறது! கொஞ்ச நேரத்தில் ஆளே நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் நடுவில் நிற்கிறான். இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி ‘யாத்தா!’ என்று ஒரு கூச்சல். ஜெயிச்சுட்டேன் என்று ஜப்பானியர்கள் போடும் கூச்சல் அது. அந்த வாரத்தோடு அது ரசிகர்களின் கூச்சலாகவும் ஆகிப்போனது.

ஆனால் முதலில் எழுதிய கதையில் ஹிரோவே இல்லை. டிம் கிரிங்கின் மனைவி கதையைப் படித்துவிட்டு ஒரு விஷயத்தைக் கவனித்தாராம்: சக்தி கிடைத்தவர்கள் யாருமே சந்தோஷமாக இல்லையே! யோசித்துப் பாருங்கள், எவ்வளவு சரி! பறக்கிற அரசியல்வாதி நேதன் பெட்ரெல்லி அதை மறைக்கப் பாடுபடுகிறார். க்ளேர் அழுகிறாள். ஓவியர் ஐசக் போதையில் கிடக்கிறார். அந்த ஒரு வார்த்தையில் பிறந்தவன்தான், வேலையில் சலித்துப்போய், காமிக்ஸ் படித்துக் கனவு கண்டு, சக்தி கிடைத்ததும் துள்ளிக் குதிக்கும் ஹிரோ. ‘ஹீரோஸ்’ தொடரின் முதல் ரசிகை என்று நான் சொல்வது அந்த அம்மாவைத்தான். முதல் பின்னூட்டமே முழுத் தொடரின் இதயத்தை உண்டாக்கிவிட்டது!

அந்த வேஷத்துக்கு வந்த மாசி ஓகாவின் கதை அதைவிட ருசி. 1987-ல், 12 வயதில், அறிவாளிக் குழந்தைகளைப் பற்றிய டைம் இதழின் அட்டையில் இருந்தவர். பிரவுன் பல்கலைக்கழகத்தில் கணிதமும் கம்ப்யூட்டரும் படித்தவர். ஜார்ஜ் லூகாஸின் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்கில் கிராபிக்ஸ் வேலை பார்த்தவர். ‘தி பெர்ஃபெக்ட் ஸ்டார்ம்’ படத்தில் கப்பலை விழுங்க வரும் கடல் இருக்கிறதே, அந்தத் தண்ணீருக்குப் பின்னால் இவர் வேலையும் இருக்கிறது. ஹிரோவின் ஜப்பானிய வசனங்களை எழுதியது யார் என்கிறீர்கள்? ஸ்கிரிப்ட் ஆங்கிலத்தில் வரும், இவரே உட்கார்ந்து ஜப்பானிய மொழியில் மாற்றிக்கொள்வார். அந்த வசனங்களுக்கான சப்டைட்டிலும் வழக்கம்போலத் திரையின் அடியில் வராது. பேசுகிறவரின் முகத்துக்குப் பக்கத்தில், காமிக்ஸ் எழுத்தில், மிதந்தபடி வரும். ஹிரோவும் அவன் நண்பன் ஆண்டோவும் ஒரே காரில் சண்டை போட்டுக்கொண்டு போகும் காட்சிகளில் அந்த எழுத்தைப் படிப்பதே தனிக் கொண்டாட்டம்.

அந்த எழுத்து டிம் சேல் என்கிற காமிக்ஸ் ஓவியருடைய கையெழுத்தை அச்சு எழுத்தாக்கியது. ஐசக் மெண்டெஸ் எதிர்காலத்தைப் பார்த்து வரைவதாகக் காட்டும் ஓவியங்களும் அவர் வரைந்தவையே. இங்கே நான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். டிம் சேலுக்கு நிறக்குருடு இருந்தது. பேட்மேன் கதைகளுக்கு அவர் வரைந்த படங்களுக்கு உலகமெங்கும் ரசிகர்கள் உண்டு. கறுப்பு வெள்ளையில் வெளிச்சத்தையும் நிழலையும் அவர் பிரித்துப் போடுவார், வண்ணம் சேர்ப்பது வேறொருவர் வேலை. ஐசக்கின் ஸ்டூடியோத் தரையில் வெடித்துச் சிதறும் நியூயார்க் நகரத்தின் ராட்சத ஓவியத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒவ்வொரு வாரமும் புது ஓவியம் ஒன்று திரையில் வந்தால் போதும், ரசிகர்கள் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மூலைமூலையாக அலசி, அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று ஊகிப்பார்கள். ஒரு படத்தில் ஹிரோ கையில் வாளோடு டைனோசரை எதிர்த்து நிற்கிறான். ஐயோ, ஹிரோ டைனோசர் காலத்துக்குப் போகப்போகிறான் என்று என்னென்ன கனவு! கடைசியில் அது அருங்காட்சியகத்து எலும்புக்கூடு. ஏமாந்த ரசிகர்களுக்குக்கூட அதில் சிரிப்புதான்.

ஓவியத்தோடு நிற்கவில்லை வேட்டை. டிஎன்ஏ சுருளில் பாதியை வெட்டி எடுத்த மாதிரி ஒரு சின்னம் தொடர் முழுக்க ஒளிந்திருக்கிறது. ஹிரோ தேடி அலையும் சாமுராய் வாளின் கைப்பிடியில், ‘ஹைட்டிக்காரர்’ என்றே அறியப்படும் பாத்திரத்தின் கழுத்துச் சங்கிலியில், நிக்கி என்ற பெண்ணின் முதுகில் பச்சை குத்தியது போல, ஐசக்கின் ஓவியத்தில். கலைப் பிரிவினர் ஒளித்து வைப்பார்கள், ரசிகர்கள் தோண்டி எடுப்பார்கள். நிஜ காமிக்ஸ் உலகத்துக்கும் வணக்கம் வைத்தபடியே போகும் கதை: முதல் சீசனின் உச்சக்கட்டம் நடக்கும் கிர்பி பிளாசா, மார்வெல் ஓவியர் ஜாக் கிர்பியின் பெயர். ஹிரோ ஏறும் பஸ்ஸை ஓட்டும் தாத்தா, சாட்சாத் ஸ்டான் லீ! ஹிரோவின் அப்பாவாக வருபவர் ‘ஸ்டார் டிரெக்’ புகழ் ஜார்ஜ் டகேய். அவர் வந்து இறங்கும் காரின் நம்பர் பிளேட்டைப் பார்த்தீர்களா? என்சிசி-1701, அதாவது என்டர்பிரைஸ் விண்கலத்தின் எண்! அந்த ஒரு நொடிக்காக ‘ஸ்டார் டிரெக்’ ரசிகர்கள் எத்தனை பேர் சோபாவை விட்டு எழுந்திருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குக் குதூகலம். அதற்கு மேல் ஒரு பொருத்தம்: சைலராக நடித்த சாக்கரி குவிண்டோதான் புது ‘ஸ்டார் டிரெக்’ படத்தில் ஸ்பாக் என்று 2007 காமிக்-கானில் அறிவித்தார்கள். மேடையில் பக்கத்தில் பழைய ஸ்பாக், லெனார்ட் நிமாய்!

சைலர் என்றதும் காதில் கடிகாரம் டிக் டிக் என்கிறதா? வில்லன் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வரும். முதல் அத்தியாயங்களில் முகத்தையே காட்டவில்லை. தொப்பி, இருட்டு, உருவம், அவ்வளவுதான். அப்போது அங்கே நின்றது குவிண்டோகூட இல்லை, அவர் பிறகுதான் ஒப்பந்தமானார். பல வாரம் பயமுறுத்திவிட்டுக் கடைசியில் காட்டினால், கண்ணில் லென்ஸ் மாட்டிக் குனிந்து வாட்ச் ரிப்பேர் பார்க்கும் சாதுவான கேப்ரியல் கிரே! ‘இவனா?’ என்று அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள்.

ரசிகர்கள் பெயர் வைத்து வளர்த்த பிள்ளை ஒருவர் உண்டு. க்ளேரின் வளர்ப்பு அப்பா. தடித்த ஃபிரேம் போட்ட கண்ணாடிதான் அவர் அடையாளம். ஆரம்பத்தில் அவர் அவ்வப்போது வந்துபோகும் மர்ம ஆசாமி, ஜாக் கோல்மன் நிரந்தர நடிகர்கள் பட்டியலிலேயே இல்லை. கதையில் பேரும் சொல்லவில்லை, ‘மிஸ்டர் பென்னெட்’ மட்டும். ரசிகர்கள் கண்ணாடியை வைத்தே ‘ஹெச்.ஆர்.ஜி’ (ஹார்ன்-ரிம்டு கிளாசஸ்) என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், எழுதுகிறவர்களும் அப்படியே. இவர் நல்லவரா கெட்டவரா என்ற சண்டைதான் முதல் சீசனின் பெரிய சண்டை. நடுவில் கோல்மனை நிரந்தரமாக்கினார்கள். அதோடு விட்டார்களா? 2007 பிப்ரவரி 26, ‘கம்பெனி மேன்’ அத்தியாயம் முழுக்க அவருக்கே!

இந்த அத்தியாயத்துக்காக எழுத்தாளர் அறைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். ‘ஹீரோஸ்’ எழுதிய முறையே வேறு. கல்யாண வீட்டுச் சமையல்போல ஆளுக்கொரு அடுப்பு. ஒருவர் ஹிரோவின் காட்சிகளை எழுதுவார், ஒருவர் க்ளேரின் காட்சிகளை, ஒருவர் நிக்கியின் காட்சிகளை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஸ்கிரிப்டாக்குவது யார் பெயர் டைட்டிலில் வருமோ அவர் வேலை. வேகமாக எழுதலாம், ஒரே இடத்தில் நடக்கும் பல காட்சிகளைச் சேர்த்துப் படம் பிடிக்கலாம். ஆனால் ‘கம்பெனி மேன்’ அப்படியில்லை. பிரையன் ஃபுல்லர் எழுத்து, ஆலன் ஆர்குஷ் டைரக்‌ஷன். தொடரில் வழக்கமாக ஐந்தாறு ஊரில் சிதறிக் கிடக்கும் கதை, அன்றைக்கு ஒரே வீட்டு ஹாலுக்குள் அடைந்துவிட்டது. துப்பாக்கி முனையில் ஒரு குடும்பம். நடுநடுவே கறுப்பு வெள்ளையில் பழைய நினைவுகள். கைக்குழந்தை க்ளேர் எப்படி அந்த மனிதரின் கைக்கு வந்தாள் என்பது தெரிகிறது. கடைசியில் மகளைக் காப்பாற்ற, அவளைப் பற்றிய தன் ஞாபகத்தையே அழித்துவிடச் சொல்கிறார். இதைப் பார்த்துவிட்டும் அவர் கெட்டவர் என்று வாதாட யாருக்கு மனசு வரும்? முழுத் தொடரிலும் சிறந்தது எது என்று எந்த ரசிகரைக் கேட்டாலும் இந்த அத்தியாயத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள். என் ஓட்டும் அதற்கே. அவரது முதல் பெயர் நோவா என்று வெளியே வந்தது முதல் சீசனின் கடைசி அத்தியாயத்தில்தான், 2007 மே 21. 23 அத்தியாயம் காக்க வைத்துச் சொன்ன பெயர்!

இனி நம்ம ஊர்ச் சமாச்சாரம். தொடரின் கதைசொல்லி யார்? மெட்ராஸில் மரபணு பாடம் நடத்தும் பேராசிரியர் மோகிந்தர் சுரேஷ்! அப்பா சந்திரா சுரேஷ் நியூயார்க்கில் டாக்ஸி ஓட்டிக்கொண்டே ஆராய்ச்சி செய்து கொலையாகிறார். மகன் கிளம்பிப் போய் அதே ஊரில் டாக்ஸி ஓட்டி, அப்பா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறான். முதலில் அந்தப் பாத்திரம் 55 வயதுப் பேராசிரியராகத்தான் எழுதப்பட்டிருந்தது. செந்தில் ராமமூர்த்தி வந்து நடித்துக் காட்டினார், அவ்வளவுதான், பேராசிரியருக்கு வயசு பாதியாகக் குறைந்துவிட்டது! சிகாகோவில் பிறந்து டெக்சாஸில் வளர்ந்தவர், லண்டனில் நாடகம் படித்தவர். மோகிந்தரின் உச்சரிப்பு அவர் அதற்காகவே வரவழைத்துக்கொண்டது. மெட்ராஸ்காரனுக்கு மோகிந்தர் என்ற பஞ்சாபிப் பெயர் எப்படி வந்தது என்று இங்கே பலரும் புருவத்தை உயர்த்தியிருப்பார்கள். சொந்த ஊருக்கு வந்த அத்தியாயத்தில் அவன் கனவுக்குள் வந்து வழிகாட்டும் சிறுவனின் பெயராவது ஆறுதல்: சஞ்சோக் ஐயர்.

ஆனால் அந்தத் தொடருக்குள் நிஜமாகவே ஒரு தமிழ்க் குரல் ஒலித்தது, பெரும்பாலான ரசிகர்களுக்கு அது யார் குரல் என்றே தெரியாது. பின்னணி இசை வெண்டி மெல்வாயின், லிசா கோல்மன் என்ற இரண்டு பெண்கள். பாடகர் பிரின்ஸின் ‘தி ரெவல்யூஷன்’ இசைக்குழுவில் இருந்தவர்கள். அவர்கள் இசையில் அவ்வப்போது சொல்லே இல்லாத ஓர் ஆலாபனை எழும். கிரகணம் பிடித்த சூரியனையும், தன் சக்தியைக் கண்டு மிரளும் மனிதர்களையும் பார்க்கும்போது முதுகுத்தண்டில் ஏறும் சிலிர்ப்புக்குப் பாதிக் காரணம் அந்தக் குரல். அது எல். சங்கர்! வயலின் மேதைகள் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் ஆகியோரின் தம்பி. 1950-ல் மெட்ராஸில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அப்பா வி. லட்சுமிநாராயணா அங்கே இசை கற்றுக்கொடுத்தார். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் மெட்ராஸுக்குத் திரும்பியது. அதன் பிறகு சங்கர் அமெரிக்கா போய், ஜான் மெக்லாஃப்லின், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் ‘சக்தி’ இசைக்குழுவில் வாசித்து, பத்துத் தந்தியும் இரண்டு கழுத்தும் கொண்ட இரட்டை வயலின் ஒன்றைத் தானே வடிவமைத்து, பீட்டர் கேப்ரியேலுடன் சேர்ந்து… இந்த மனிதரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். வீணை, மிருதங்கச் சத்தம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த ஆலாபனை வேறு மாதிரி எட்டும். நியூயார்க் வெடிக்கப் போகிறது என்று அமெரிக்காவே பதறிக்கொண்டிருந்தபோது, பின்னணியில் நம்ம கச்சேரி மேடையின் கமகம்! இதைத் தெரிந்துகொண்ட பிறகு பழைய அத்தியாயங்களைத் திரும்பப் போட்டுக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

சரி, கொண்டாட்டம் போதும், சண்டைக்கு வருவோம். சண்டையிலும் ஒரு சுகம் உண்டே!

முதல் சண்டை, முதல் சீசனின் முடிவு. பீட்டர் பெட்ரெல்லி என்ற தம்பிக்கு, பக்கத்தில் வருகிறவர் சக்தியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். உடம்பில் ஏறிய அணுசக்தி வெடிக்கப் போகிறது, நகரமே காலி. அண்ணன் நேதன் பறந்து வந்து, தம்பியை அணைத்து, வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். தியேட்டராக இருந்தால் விசில் பறந்திருக்கும். ஆனால் அடுத்த நிமிஷமே ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள்: அண்ணனிடமிருந்து பறக்கும் சக்தி பீட்டருக்கும்தான் எப்போதோ ஒட்டியாயிற்றே, அவனே பறந்து போயிருக்கலாமே! இந்தக் கேள்வி இன்றுவரை சாகவில்லை. அண்ணன் தம்பியை அணைப்பதுதான் அங்கே முக்கியம் என்று நான் அழுத்திச் சொல்வேன், ஆனால் லாஜிக் கேட்கிறவர்களிடம் எனக்குப் பதில் இல்லை. சைலருக்கும் பீட்டருக்கும் பெரிய மோதல் வரும் என்று 23 அத்தியாயம் ஏங்கவிட்டு நொடிப்பொழுதில் முடித்தது இன்னொரு குறை. அதில் நானும் ரசிகர்கள் பக்கம்தான்.

இரண்டாவது சீசன் வந்தது, கோபம் நிஜக் கோபமானது. பீட்டரின் நெற்றியில் விழும் முடியையே காணோம், ஒட்ட வெட்டிவிட்டார்கள்! ஞாபகம் போன நிலையில் அயர்லாந்தின் கார்க் நகரத்தில் கிடக்கிறான். ஹிரோ பழைய ஜப்பானில் போய் மாட்டிக்கொண்டு திரும்ப வரவே மாட்டேன் என்கிறான். மாயா, அலெஹாந்த்ரோ என்று புதிதாக இரட்டையர்கள் மத்திய அமெரிக்காவிலிருந்து நடந்து நடந்து வந்துகொண்டே இருக்கிறார்கள். ரசிகர்கள் பொரிந்து தள்ளினார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. 2007 நவம்பரில் டிம் கிரிங், ‘என்டர்டெயின்மென்ட் வீக்லி’ பத்திரிகையில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்: வேகம் போதவில்லை, பெரிய கதைக்கு வர ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டோம், ஹிரோவை ஜப்பானில் வைத்திருந்த அத்தியாயங்கள் அதிகம், புதுப் பாத்திரங்களை அறிமுகப்படுத்திய விதம் சரியில்லை, இந்தக் கதைக்குக் காதல் அவ்வளவாகப் பொருந்தவில்லை. ரசிகர்கள் போட்ட பட்டியலும் இதுவேதான்! ஓடிக்கொண்டிருக்கும் சீசனின் நடுவில் ஒரு படைப்பாளி இப்படி வந்து நிற்பதை நீங்கள் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்? அதே மாதம் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தமும் தொடங்கியது. 24 அத்தியாயமாக வர வேண்டிய சீசன் 11-லேயே நின்றது. கொடிய வைரஸ் அடைத்த குப்பி கடைசிக் காட்சியில் கைதவறிப் பரவுவதாகத்தான் முதலில் முடிவு. அப்படி விட்டால் அடுத்த பாகம் எப்போது வருமோ? முடிவை மாற்றி எடுத்து, பீட்டர் குப்பியைப் பிடித்துவிடுவதாகக் காட்டினார்கள். பழைய முடிவு டிவிடியில் இருக்கிறது.

வைரஸ் போச்சு, கேட்லின்?

பீட்டர் ஞாபகமில்லாமல் கிடந்தபோது அவனைப் பார்த்துக்கொண்ட ஐரிஷ் பெண். அவளைக் கூட்டிக்கொண்டு எதிர்காலத்துக்குத் தாவுகிறான். வைரஸ் பரவி ஜனங்கள் செத்துக் கிடக்கும் நியூயார்க். அங்கே அவள் அதிகாரிகள் கையில் சிக்கிப் பிரிகிறாள். பீட்டர் மட்டும் இந்தக் காலத்துக்கு வந்துவிடுகிறான். வைரஸை நிறுத்திவிட்டதால் அந்த எதிர்காலமே நடக்காது. அப்படியானால் அதற்குள் மாட்டிக்கொண்ட கேட்லின் என்ன ஆனாள்? தொடர் பதிலே சொல்லவில்லை. மூன்றாவது சீசன், நான்காவது சீசன், ம்ஹூம்! பீட்டர் அவள் பேரைக்கூட எடுக்கவில்லை. ‘கேட்லினை எங்கே விட்டீங்க?’ என்பது ‘ஹீரோஸ்’ ரசிகர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளும் கேள்வியாகவே ஆகிவிட்டது.

பதில் கிடைத்த கேள்வியும் உண்டு. சைலர் ஒருவரைக் கொன்றால் மண்டையைத் திறந்து சக்தியை எடுத்துக்கொள்வான். மூளையை என்ன செய்கிறான்? தின்கிறானா? இரண்டு வருஷமாக இதே பட்டிமன்றம். 2008 செப்டம்பர், மூன்றாவது சீசனின் தொடக்கம். க்ளேர் அவனிடம் மாட்டிக்கொள்கிறாள். மண்டை திறந்த நிலையில் அவளே கேட்கிறாள், என் மூளையைத் தின்னப் போகிறாயா என்று. சைலர் முகம் அருவருப்பில் சுருங்குகிறது, சீ, அதெல்லாம் இல்லை என்கிறான்! கோடிப் பேர் கேட்ட கேள்வியை எழுத்தாளர்கள் அப்படியே க்ளேரின் வாயில் வைத்துவிட்டார்கள். பயந்து நடுங்க வேண்டிய காட்சியில் ரசிகர்கள் கைகொட்டிச் சிரித்தது அதனால்தான்.

மூன்றாவது சீசனில் மோகிந்தர் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டு உடம்பெல்லாம் செதில் முளைத்துத் திரிந்ததைப் பற்றிப் பேசப் பிடிக்கவில்லை. நிதானமான விஞ்ஞானியை இப்படியா ஆக்குவது? 2008 நவம்பரில் ஜெஃப் லோப், ஜெஸ்ஸி அலெக்சாண்டர் என்ற இரண்டு முக்கியத் தயாரிப்பாளர்களை என்பிசி நீக்கியது. இடையில் விலகியிருந்த பிரையன் ஃபுல்லர் திரும்பி வந்தபோது ரசிகர்களுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

திரைக்குப் பின்னால் எல்லாமே திருவிழா இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். டி.எல். ஹாக்கின்ஸாக நடித்த லியோனார்ட் ராபர்ட்ஸ், முதல் சீசனோடு தன்னை அனுப்பிய விதத்தைப் பற்றியும், செட்டில் ஒரு கறுப்பின நடிகராகத் தான் பட்டதைப் பற்றியும் 2020 டிசம்பரில் ‘வெரைட்டி’ இதழில் விரிவாக எழுதினார். சுவருக்குள் புகுந்து போகும் அந்த அன்பான அப்பாவை இவ்வளவு சீக்கிரம் ஏன் கொன்றார்கள் என்று அப்போதே கேட்ட ரசிகர்கள் உண்டு. அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு நிக்கி, டி.எல்., சிறுவன் மைக்கா குடும்பத்தின் காட்சிகளை முன்னைப்போல என்னால் பார்க்க முடியவில்லை.

2015-ல் தொடங்கி ‘ஹீரோஸ் ரீபார்ன்’ என்று 13 அத்தியாயம் வந்தது. நோவா வந்தார், ஹிரோ வந்தான், மோகிந்தர்கூடத் தலைகாட்டினார். க்ளேர் வரவில்லை, சைலர் வரவில்லை. ரசிகர்கள் முகம் தொங்கிப்போனது.

செந்தில் ராமமூர்த்தி ரசிகர்களுக்கு மட்டும் விருந்து காத்திருந்தது. 2020-ல் நெட்ஃபிளிக்ஸில் மிண்டி கேலிங்கின் ‘நெவர் ஹேவ் ஐ எவர்’. லாஸ் ஏஞ்சலஸில் வாழும் தமிழ்க் குடும்பம். தேவி என்ற பெண்ணின் இறந்துபோன அப்பா மோகன் விஸ்வகுமாராக, அவள் கனவிலும் ஞாபகத்திலும் சிரித்துக்கொண்டே வருகிறார் நம்ம மோகிந்தர்! பஞ்சாபிப் பெயர் இல்லை, செதில் இல்லை, மகளைக் கொஞ்சும் தமிழ் அப்பா. ‘அட, இது சுரேஷ் சார்!’ என்று கத்திய வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. ஒரே ஒரு மனத்தாங்கல்: ‘ஹீரோஸ்’ தொடரில் மனித குலத்தைப் பற்றி அத்தனை அழகாகப் பின்னணி பேசியவரை வைத்துக்கொண்டு, இங்கே பின்னணிக் குரலை டென்னிஸ் வீரர் ஜான் மெக்கன்ரோவிடம் கொடுத்துவிட்டார்களே!